ஆழமா, நுணுக்கமா? ஒளியைச் செலுத்தி ஒலியைக் கேட்டு மூளையைப் படமெடுக்கும் கருவிகள்

காந்தம் வேண்டாம், எக்ஸ்-ரே கதிர்வீச்சு வேண்டாம், ரத்தத்தில் சாயம் ஏற்றவும் வேண்டாம். லேசர் ஒளியும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்து, திசுவின் ஆழத்தில் ஓடும் ரத்தத்தையும் அது சுமக்கும் ஆக்ஸிஜனையும் படமாக்குகின்றன. இந்த முறையில் எத்தனை வகை? எந்த வகை எதற்கு உதவும்? மனித மூளைக்கு அது வந்துசேர இன்னும் என்ன தடை?

விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு மூளை வீங்கினால், அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் ஒரு பக்கத்திலிருந்து பெரிய எலும்புத் துண்டையே அறுவை மருத்துவர்கள் எடுத்துவிடுவதுண்டு. நோயாளி தேறிய பிறகு அந்த இடத்தை மூடுவார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பக்கத்து மூளைக்கு மேலே தோலும் சவ்வும்தான் காப்பு. இந்த நிலையில் இருந்த சிலர் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். அரைக்கோள வடிவக் கருவி ஒன்றில் தலையை வைத்துக்கொண்டு அவர்கள் விரல்களைத் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்புகள் தலைக்குள் பாய்ந்தன. கருவியின் வளைவில் வரிசைகட்டியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அல்ட்ராசவுண்ட் உணரிகள், தலைக்குள்ளிருந்து புறப்பட்ட ஒலியைப் பதிவு செய்தன.

விரல் அசைந்தபோது மூளையின் எந்த இடத்தில் ரத்தம் கூடியது என்பது படமாக வந்தது. 10 செ.மீ. விட்டமுள்ள பரப்பு, 350 மைக்ரான் நுணுக்கம், 2 விநாடிக்கு ஒரு படம். அதே நபர்களை 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். சாதாரண மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ. காந்தங்கள் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டவை. 7 டெஸ்லா என்பது அவற்றைவிட விலையும் எடையும் மிகுந்த, பெரும்பாலும் ஆய்வுக்குப் பயன்படும் இயந்திரம். இரண்டு படங்களும் மூளையின் அதே இடங்களைத்தான் சுட்டிக்காட்டின. லிஹாங் வாங் தலைமையிலான கால்டெக் குழுவும் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு, 2021-இல் 'நேச்சர் பயோமெடிக்கல் எஞ்சினியரிங்' இதழில் வெளியானது.

இந்த முறைக்கு ஒளியொலிப் படமெடுப்பு என்று பெயர். ஆய்வகங்களில் ஃபோட்டோஅக்கூஸ்டிக் இமேஜிங் என்பார்கள். பெயர் ஒன்றுதான், அதன் கீழே வரும் கருவிகளோ பல. ஒன்று ஒற்றைச் சிவப்பணுவைப் பார்க்கும். இன்னொன்று முழு மார்பகத்தையும் பார்க்கும். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. நமக்குத் தெரிய வேண்டியது என்ன என்று முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தக் கருவி என்பது தானாகவே தெளிவாகிவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் ஒப்பிடப் போகிறது.

ஒளி எப்படி ஒலியாகிறது?

கைப்பேசியின் டார்ச் விளக்கின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். ஆனால் உள்ளே இருக்கும் எலும்போ ரத்தக்குழாயோ தெளிவாகத் தெரியாது. ஒளி உள்ளே போகிறது, வெளியேயும் வருகிறது. வழியில் அது எண்ணற்ற முறை சிதறிவிடுகிறது. திசுவுக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலே ஒளி தான் வந்த திசையை இழந்துவிடும். எந்த நுண்ணோக்கியாக இருந்தாலும் அதற்குக் கீழே கூர்மையான படம் எடுக்க முடியாமல் திணறுவது இதனால்தான்.

ஒலிக்கு இந்தத் தொல்லை குறைவு. திசுவுக்குள் அல்ட்ராசவுண்ட் சிதறுவது, ஒளி சிதறுவதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவு. ஆனால் ஒலிக்கு வேறொரு குறை உண்டு: ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. நிறத்தைப் பிரித்தறிய ஒளிதான் வேண்டும். நிறம் அறியும் ஒளியை உள்ளே அனுப்பி, சிதறாத ஒலியை வெளியே வாங்கினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். ஒளியொலிப் படமெடுப்பின் அடிப்படை இதுதான்.

சில நானோ விநாடிகள் மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பு திசுவுக்குள் போகிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலே போதும். சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் அங்கே உண்டாகும். சூடான இடம் சட்டென்று விரிகிறது. அந்த விரிவு அல்ட்ராசவுண்ட் அலையாகப் புறப்படுகிறது. மின்னல் காற்றைச் சூடாக்கி இடியைப் பிறப்பிப்பதும் இதே இயற்பியல்தான். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணி அது எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கணிப்பதுபோல, லேசர் துடித்த நொடிக்கும் ஒலி வந்து சேர்ந்த நொடிக்கும் உள்ள இடைவெளியிலிருந்து ரத்தக்குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஒரு மைக்ரோ விநாடி என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்.

இந்த விளைவைக் கண்டுபிடித்தவர் தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1880-இல் உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டருடன் சேர்ந்து, சூரிய ஒளியின் மூலம் பேச்சை அனுப்பும் 'போட்டோபோன்' கருவியை உருவாக்கினார். அப்போது, விட்டுவிட்டு விழும் ஒளிக்கற்றை படும் பொருள் தானே ஒலி எழுப்புவதைக் கவனித்தார். பல பொருள்களைச் சோதித்ததில் விளக்குக் கரி போன்ற கருமையான பொருள்களிலிருந்து ஒலி உரக்க வந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 140 ஆண்டுகளுக்குப் பிறகு அது நம் தோல் நிறத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சிக்கலாக வந்து நிற்கிறது.

மருத்துவத்துக்கு இது வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. நானோ விநாடி லேசர், நுண்ணிய அல்ட்ராசவுண்ட் உணரி, வேகமான கணினி மூன்றும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. 1990-களில் அமெரிக்காவில் ராபர்ட் க்ரூகர், அலெக்சாண்டர் ஒராயெவ்ஸ்கி போன்றோர் பாதை போட்டார்கள். 2003-இல், அப்போது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்த லிஹாங் வாங் குழு, தோலையும் மண்டையோட்டையும் திறக்காமலேயே எலியின் மூளையைப் படமெடுத்துக் காட்டியது. எலிக்கு மீசை என்பது தொடு உறுப்பு. ஒரு பக்க மீசையைச் சீண்டினால் எதிர்ப்பக்க மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதி விழித்துக்கொள்ளும். ஒளியொலிப் படத்தில் சரியாக அந்தப் பகுதியில்தான் ரத்த ஓட்டம் மாறியது. மூளை ஆய்வாளர்களின் கவனத்தை இத்துறை பக்கம் திருப்பிய படம் அது.

ஒளியைக் குவித்தால்: நுண்ணோக்கி

முதல் வகை, ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் நுண்ணோக்கி. ஆய்வாளர்கள் இதை ஓ.ஆர்.-பி.ஏ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2008-இல் வெளிவந்த இந்த முறையில் லேசர் சில மைக்ரான் அகலப் புள்ளியாகக் குவிக்கப்பட்டு, புள்ளி புள்ளியாகத் திசுவின் மேல் நகர்த்தப்படும். நுணுக்கம் 5 மைக்ரான் அளவு. மிக மெல்லிய ரத்தக்குழாயான தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான். அதாவது தந்துகிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

இந்தக் கருவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2013-இல் வந்த ஆய்வு ஒன்றே போதும். உயிருள்ள சுண்டெலியின் மூளைத் தந்துகியில் ஓடும் ஒற்றைச் சிவப்பணு, போகிற வழியில் எவ்வளவு ஆக்ஸிஜனை இறக்கிவைக்கிறது என்று அளந்தார்கள். இரண்டு அலைநீளங்களில் அடுத்தடுத்து லேசரைத் துடிக்கச் செய்து, அணு நகர நகர அதன் ஆக்ஸிஜன் குறைவதை மில்லி விநாடிக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எலி சுவாசிக்கும் வாயுவை மாற்றினால் இறக்கிவைக்கும் ஆக்ஸிஜனின் அளவு மாறியது. ரத்தச் சர்க்கரையை மாற்றினாலும் மாறியது. நரம்பணுக்கள் வேலை செய்யத் தொடங்கியதும் பக்கத்துச் சிவப்பணு ஆக்ஸிஜனை விடுவிப்பது கூடியது. பக்கவாதத்தில், நீரிழிவில், முதுமை மறதியில் மூளைக்கு ஆக்ஸிஜன் போய்ச்சேருவதில் எங்கே இடறுகிறது என்ற கேள்விக்கு நெருக்கமான விடை தேட இது உதவும்.

வேகமும் ஏறியிருக்கிறது. 2015-இல் வாங் குழுவின் இன்னொரு நுண்ணோக்கி, சுண்டெலியின் மண்டையோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, 3 மைக்ரான் நுணுக்கத்தில் மூளைப்புறணியின் ஆக்ஸிஜன் அளவை வேகமாகப் படமெடுத்தது.

குறை ஒன்றே ஒன்று. ஆனால் பெரிய குறை. ஒளியைக் குவித்து எடுக்கும் படம் ஆதலால், ஒளி சிதறத் தொடங்கும் ஒரு மில்லிமீட்டரோடு இதன் ஆட்டம் முடிந்துவிடும். சுண்டெலியின் புறணிக்கு அது போதும். மனித மூளையின் புறணிக்கே அது போதாது. அதற்குக் கீழே உள்ள பகுதிகளை எண்ணவே வேண்டாம்.

ஒலியைக் குவித்தால்: இடைநிலை

ஒளி சிதறிப் போகட்டும், ஒலியை மட்டும் குவித்து வாங்கிக்கொள்வோம் என்பது இரண்டாவது வகை. பெயர் ஏ.ஆர்.-பி.ஏ.எம். 2006-இல் வாங் குழு வெளியிட்ட கருவியில் 50 மெகாஹெர்ட்ஸ் உணரி இருந்தது. பக்கவாட்டு நுணுக்கம் 45 மைக்ரான், ஆழவாட்டில் 15 மைக்ரான். ஆழமோ 3 மி.மீ. வரை கிடைத்தது. தந்துகி கைவிட்டுப் போனது; அதற்குப் பதிலாக மூன்று மடங்கு ஆழம் கைக்கு வந்தது. தோலிலுள்ள மெலனோமா புற்றுநோய்க் கட்டி எவ்வளவு ஆழம் வேர்விட்டிருக்கிறது என்று பார்க்க இந்த வகை பொருத்தமானது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இத்துறையின் விதி புரியும். ஆழத்தை நுணுக்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 200 என்று 2012-இல் 'சயின்ஸ்' இதழில் வாங்கும் சாங் ஹூவும் எழுதினார்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் 5 மைக்ரான். நான்கு செ.மீ. ஆழத்தில் 200 மைக்ரானுக்குச் சற்று முன்பின். எந்தக் கருவியும் இந்த விதிக்கு அருகிலேயே நிற்கும். ஒன்றைக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

எல்லாப் பக்கமும் கேட்டால்: டோமோகிராஃபி

மூன்றாவது வகைதான் மனிதருக்கு மிக நெருக்கமானது. ஒளியை விரிந்த கற்றையாகப் பாய்ச்சி, உறுப்பைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான உணரிகளை வைத்து, எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியைக் கேட்டு, கணினியில் படத்தைக் கட்டியெழுப்புவது. இதற்குப் பெயர் பி.ஏ.சி.டி. சி.டி. ஸ்கேனில் எக்ஸ்-ரே செய்யும் வேலையை இங்கே ஒலி செய்கிறது.

2017-இல் வந்த 512 உணரிகள் கொண்ட முழுவளையக் கருவி 125 மைக்ரான் நுணுக்கத்தில் சிற்றுயிர்களின் உடல் முழுவதையும் குறுக்கு வெட்டாகக் காட்டியது. எலியின் முழு மூளையிலும் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குகின்றன என்ற தொடர்பு வரைபடத்தையும் தந்தது. ரத்தத்தில் மிதந்து செல்லும் மெலனோமா அணுக்களைச் சாயம் எதுவும் ஏற்றாமலே பின்தொடர்ந்தது. மறு ஆண்டில் வந்த மார்பகக் கருவி, நோயாளி ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொள்ளும் 15 விநாடிக்குள் 4 செ.மீ. ஆழம் வரை ரத்தக்குழாய்களைக் காட்டியது; நுணுக்கம் 255 மைக்ரான். மார்பகத்தை அழுத்தத் தேவையில்லை, மாமோகிராம்போலக் கதிர்வீச்சும் இல்லை. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த மூளைக் கருவியும் இந்தக் குடும்பம்தான்.

இதே குடும்பத்தில் ஐரோப்பாவில் வளர்ந்த கிளை ஒன்று உண்டு. மியூனிக்கில் வாசிலிஸ் ந்ட்சியாகிறிஸ்டோஸ் வளர்த்தெடுத்த எம்.எஸ்.ஓ.டி. முறையில் பல அலைநீளங்களில் அடுத்தடுத்து லேசரைத் துடிக்கவிடுவார்கள். ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபின், ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின், கொழுப்பு, மெலனின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலைநீளத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். 800 நானோமீட்டர் அளவில் இரண்டு ஹீமோகுளோபினும் ஒரே அளவு உறிஞ்சும். அதற்குக் கீழே ஆக்ஸிஜன் இழந்தது முந்தும், மேலே ஆக்ஸிஜன் ஏந்தியது முந்தும். இந்த வேறுபாட்டிலிருந்து எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தெடுக்கிறார்கள். கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவியாகவே இது மருத்துவமனைக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள், குடல் அழற்சி நோயான க்ரோன் நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று வயிற்றின் மேலிருந்தே இதைக் கொண்டு கணித்து 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பால் பியர்ட் குழு வேறு வழியில் போனது. வழக்கமான உணரி ஒளியை மறைக்கும். இவர்களுடையது மெல்லிய, ஒளி ஊடுருவும் பாலிமர் படலம். ஒலி அதன்மேல் படும்போது தடிமன் இம்மியளவு மாறும்; அந்த மாற்றத்தை இன்னொரு லேசர் படித்துக்கொள்ளும். அதனால் உணரியைத் தோலோடு ஒட்டி வைத்து அதன் வழியாகவே ஒளியையும் அனுப்பலாம். தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டருக்குள் இந்தக் கருவி தரும் முப்பரிமாண ரத்தக்குழாய்ப் படங்கள் மிகத் துல்லியமானவை. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆகிறது என்பது இதன் பழைய குறை. 2024-இல் வெளியான அவர்களின் புதிய கருவி அதை விநாடிக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஒரே பார்வையில்

ஒளி குவிக்கும் நுண்ணோக்கி: நுணுக்கம் 3–5 மைக்ரான்; ஆழம் சுமார் 1 மி.மீ. சுண்டெலி மூளையின் தந்துகி, ஒற்றைச் சிவப்பணு.

ஒலி குவிக்கும் நுண்ணோக்கி: நுணுக்கம் 45 மைக்ரான், ஆழம் சுமார் 3 மி.மீ. தோல், மெலனோமா, சிற்றுயிர் மூளையின் மேற்பகுதி.

முழுவளைய, அரைக்கோள டோமோகிராஃபி: நுணுக்கம் 125 முதல் 350 மைக்ரான், ஆழம் செ.மீ. கணக்கில். எலியின் முழு மூளை, மார்பகம், எலும்பு நீக்கிய மனிதத் தலை.

பல அலைநீளக் கைக்கருவி: ஆழம் ஓரிரு செ.மீ.; உடனுக்குடன் படம். குடல், தசை, ரத்தக்குழாய்.

பாலிமர் படல உணரி: தோலுக்கு அடியில் சில மி.மீ.; மிகக் கூர்மையான முப்பரிமாணம்.

மற்ற ஸ்கேன்களுக்கு நடுவே

மூளை ஆய்வில் ஏற்கெனவே பழுத்த கருவிகள் பல உண்டு. செயல்நிலை எம்.ஆர்.ஐ. மனித மூளை முழுவதையும் காட்டும். ஆனால் அது ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபினின் காந்தத் தன்மையை மறைமுகமாக அளக்கிறது. ரத்தம் கூடியதா, ஆக்ஸிஜன் கூடியதா என்று தனித்தனியாகச் சொல்வது அதற்குக் கடினம். ஒளியொலி முறை இரண்டு ஹீமோகுளோபினையும் தனித்தனியாகவே அளந்துவிடும். இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி நரம்பணுவின் கிளைகளைக்கூடக் காட்டும். அதற்கு ஒளிரும் சாயமோ புரதமோ வேண்டும், ஆழமும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். தலையில் தொப்பிபோல அணியும் அகச்சிவப்புக் கருவிகள் குழந்தைக்கும் பயன்படும். ஆனால் அவற்றின் நுணுக்கம் செ.மீ. அளவிலேயே நின்றுவிடும். செயல்நிலை அல்ட்ராசவுண்ட் ரத்தத்தின் அளவைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது.

செ.மீ. ஆழத்தில், மில்லிமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தில், ஆக்ஸிஜனோடு சேர்த்துப் படமெடுப்பது என்ற இடம்தான் இவற்றுக்கு நடுவே காலியாக இருந்தது. ஒளியொலி முறை வந்து நிரப்பியது அந்த இடத்தை.

ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் பார்ப்பது பெரும்பாலும் ரத்தத்தை, நரம்பணுவை அல்ல. நரம்பணு மில்லி விநாடியில் துடிக்கும்; அதைத் தொடர்ந்து ரத்தம் கூடுவதற்குச் சில விநாடிகள் ஆகும். சூரிச்சில் டானியல் ரசான்ஸ்கி குழு இந்தத் தாமதத்தைத் தாண்ட முயன்றது. கால்சியம் ஏறினால் ஒளியை உறிஞ்சும் தன்மை மாறும் புரதத்தை நரம்பணுக்களில் கொண்ட சுண்டெலிகளைப் பயன்படுத்தி, நரம்பணுக்களின் துடிப்பையே மூளையின் பெரும் பரப்பில் முப்பரிமாணத்தில் 2019-இல் படமெடுத்தது. விலங்கு ஆய்வுக்கு இது பெரிய வரம். மரபணு மாற்றம் தேவைப்படுவதால் மனிதருக்கு இப்படியே கொண்டுவர முடியாது. மனிதரில் நமக்குக் கிடைக்கப்போவது ரத்தத்தின் சாட்சியம்தான். பக்கவாதம், மூளைக் கட்டி, தலைக்காயம், பிறந்த குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைவு என்று மருத்துவர்கள் தினமும் எதிர்கொள்ளும் நோய்களில் ரத்தத்தின் சாட்சியமே முதன்மையானது என்பதையும் மறக்கக் கூடாது.

மண்டையோடு என்னும் மதில்

சுண்டெலிக்கு மண்டையோடு ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. மனிதருக்கோ சில மில்லிமீட்டர். இரண்டு கெட்டி எலும்புத் தட்டுகளுக்கு நடுவே பஞ்சுபோன்ற எலும்பு. ஒலி அதற்குள் நுழைந்தால் மூன்று கேடுகள் நேர்கின்றன. எலும்பில் ஒலியின் வேகம் திசுவில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருமடங்கு என்பதால் அலை வளைந்து, தவறான இடத்திலிருந்து வந்ததுபோலக் காட்டும். ஒரு பகுதி பட்டுத் திரும்பிவிடும். நுணுக்கத்தைத் தாங்கி வரும் உயர் அதிர்வெண் அலைகளை எலும்பு விழுங்கிவிடும். கடைசியில் வெளியே வருவது தாழ்ந்த அதிர்வெண். அதில் கிடைப்பது மங்கிய படம். ஒளியும் உள்ளே போகும்போது பெருமளவு எலும்பில் வீணாகிறது. லேசரின் சக்தியைக் கூட்டி ஈடுகட்டவும் முடியாது. தோலின் பாதுகாப்புக்கென விதிக்கப்பட்ட உச்சவரம்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 20 மில்லிஜூல்.

கலிஃபோர்னியா ஆய்வில் எலும்பு நீக்கியவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். முழு மண்டையோட்டின் வழியாக அதே தரத்தில் படமெடுக்க, அந்த நபரின் மண்டையோட்டு வடிவத்தை சி.டி. ஸ்கேனில் அறிந்து, அலை எப்படி வளையும் என்று கணினியில் கணக்கிட்டுத் திருத்தும் முறைகளைப் பல குழுக்கள் உருவாக்கி வருகின்றன. லண்டனில் பிராட்லி ட்ரீபியும் பென் காக்ஸும் இலவசமாகத் தந்த 'கே-வேவ்' மென்பொருள் இந்தக் கணக்குகளுக்கு உலகெங்கும் கைகொடுக்கிறது. பாதை நீளமானது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் மதிலில் திறப்புள்ள ஒரு தலை உண்டு: பிறந்த குழந்தையின் தலை. உச்சிக்குழியின் வழியாகக் குழந்தையின் மூளையை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அன்றாட வழக்கம். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளைக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போகிறதா என்பதுதான் அங்கே மருத்துவர் அறியத் துடிக்கும் செய்தி. அதே உச்சிக்குழி ஒளியொலிக்கும் வாசல். இத்துறை மனித மூளைக்குள் முதலில் அடியெடுத்து வைக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. குழந்தையை எம்.ஆர்.ஐ. அறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், தொட்டிலருகிலேயே பார்க்கலாம்.

கருமை கூடினால் ஒலி கூடும்

பெல் கண்ட உண்மைக்கு இப்போது வருவோம். கருமையான பொருள் ஒளியை அதிகம் உறிஞ்சி உரக்க ஒலிக்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அப்படித்தான். கருத்த தோலின் மேல் லேசர் பட்டால், மேற்தோலிலேயே பெரிய ஒலி எழுகிறது. உள்ளே போகும் ஒளியும் குறைகிறது. அந்தப் பேரொலியின் எதிரொலிகள் ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். சிவந்த தோலில் தெளிவாகத் தெரியும் ரத்தக்குழாய், கருத்த தோலில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

தமிழ் வாசகருக்கு இது எங்கோ நடக்கும் செய்தியாக இருக்க முடியாது. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர், ஒளியைக் கொண்டு ஆக்ஸிஜனை அளக்கும் கருவிதான். அது கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைவைத் தவறவிடுவது, வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். அந்தக் கருவி பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் இருந்தது. குறையைப் பலர் முன்பே சொல்லியும் அது உலகத்தின் காதில் விழப் பெருந்தொற்று வர வேண்டியிருந்தது.

ஒளியொலித் துறையில் அந்தத் தவறு திரும்பக் கூடாது என்று சிலர் இப்போதே உழைக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முயினாட்டு பெல் குழு, தோல் நிறத்தால் வரும் இந்த இரைச்சலை அளந்து, ஒலி அலைகளின் ஒத்திசைவைக் கொண்டு அதைக் குறைக்கும் கணக்கீட்டு முறையைக் காட்டியிருக்கிறது. அலைநீளத்தை 1,064 நானோமீட்டருக்கு நகர்த்தினால் மெலனின் உறிஞ்சுவதும் குறைகிறது. இதற்கு நல்ல சான்று கேமரூனில் கிடைத்தது. அமெரிக்காவின் ஆர்கன்சஸில் விளாடிமிர் ஜாரோவ் குழு உருவாக்கிய 'சைட்டோஃபோன்' என்ற கருவி, தோலின் மேலிருந்தபடியே ரத்தக்குழாயில் ஓடும் மெலனோமா அணுக்களைக் கேட்டறியும். அதே முறையில் மலேரியாக் கிருமி விட்டுச்செல்லும் நிறமியையும் கேட்க முடியுமா என்று கேமரூன் நோயாளிகளிடம் சோதித்து, ஊசி குத்தாமலே மலேரியாவைக் கண்டறிந்த முடிவுகள் 2024-இல் வெளியாயின. யாருக்கு நோய் அதிகமோ அவர்களிடமே கருவியைச் சோதித்தார்கள் என்பது அந்த ஆய்வின் பெருமை.

மருத்துவமனை வாசலில்

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021 ஜனவரியில் முதன்முதலாக ஒரு ஒளியொலி மார்பகக் கருவிக்கு அனுமதி தந்தது. டெக்சஸின் சான் அன்டோனியோவில் உள்ள சினோ மெடிக்கல் நிறுவனத்தின் 'இமேஜியோ' அது. அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தால், அதைச் சுற்றி ரத்தக்குழாய்கள் எப்படி வளர்ந்திருக்கின்றன, அங்கே ஆக்ஸிஜன் எவ்வளவு என்று இரண்டு அலைநீளங்களில் பார்த்து, பயாப்ஸி தேவையா என்ற முடிவுக்கு மருத்துவருக்கு உதவுகிறது.

விலைதான் இன்னொரு தடை. கருவியின் செலவிலும் எடையிலும் பெரும்பங்கு லேசருக்குப் போய்விடுகிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மனோஜித் பிரமாணிக் குழு, கைக்குள் அடங்கும் துடிப்பு லேசர் டையோடுகளைக் கொண்டு எலி மூளையைப் படமெடுத்துக் காட்டியது. ஜப்பானில் எல்.இ.டி. விளக்குகளைக் கொண்ட ஆய்வுக் கருவியே விற்பனைக்கு வந்திருக்கிறது. சக்தி குறைவு என்பதால் ஆழமும் குறையும். ஆனால் கிராமத்துச் சுகாதார நிலையம் வரை போகக்கூடிய வழி இதுதான்.

இவ்வளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூன்று செய்திகள் உறுதியாகத் தெரிகின்றன. முதலாவது, கேள்விதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும். தந்துகியில் ஆக்ஸிஜன் எப்படி இறங்குகிறது என்பது கேள்வியானால் நுண்ணோக்கி. மூளையின் பகுதிகள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பது கேள்வியானால் டோமோகிராஃபி. நோயாளியின் படுக்கையருகே உடனே தெரிய வேண்டுமானால் கைக்கருவி. பளிச்சென்ற படத்தைப் பார்த்துக் கருவி வாங்கும் ஆய்வகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. இரண்டாவது, மனித மூளையில் முதல் பயன் வளர்ந்தவர்களின் மண்டையோட்டைத் துளைப்பதில் வரப்போவதில்லை. பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழியிலும், எலும்பு நீக்கிய தலைக்காய நோயாளிகளிடமும்தான் வரும்.

மூன்றாவதுதான் நமக்கு மிக முக்கியம். இந்தத் துறை இன்னும் இளமையானது. அளவீட்டு விதிகள், திருத்தக் கணக்குகள், 'இயல்பு' என்று எதை வைப்பது என்ற வரையறைகள் எல்லாம் இப்போதுதான் எழுதப்படுகின்றன. தலைக்காயமும் பிறப்புநேர மூச்சுத்திணறலும் அன்றாடம் வந்துசேரும் நம் அரசு மருத்துவமனைகளும், நம் பொறியியல் ஆய்வகங்களும் இந்தக் கட்டத்திலேயே சோதனைகளில் பங்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்விலும் பங்கேற்றவரின் தோல் நிறம் அளந்து பதியப்பட வேண்டும். எல்லா நிறத்திலும் கருவி ஒரே தரத்தில் வேலை செய்கிறது என்று காட்டாதவரை அதற்கு அனுமதி தரக் கூடாது. ஆக்ஸிமீட்டர் விஷயத்தில் கருவி வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உலகம் இந்தக் கேள்வியைக் காதில் வாங்கியது. ஒளியொலிக் கருவிகளிடம் அதை இப்போதே கேட்பதற்கு நமக்கு நேரம் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.